"மற்றும் குடும்பத்தினர்"

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் பெரம்பூரில் இருக்கிறேன். தபால் துறையில் 33 வருஷம் கவுன்ட்டர் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். 2023 நவம்பர் நடுவில் மகள் வீட்டுக்குப் போய்விட்டு 2024 ஜனவரி மூன்றாவது வாரம்தான் திரும்பி வந்தேன். நான் இல்லாத இரண்டு மாதத்துப் பேப்பரையும் என் வீட்டுக்காரர் தேதிவாரியாக அடுக்கி வைத்திருந்தார், டிசம்பர் முதல் வாரம் மட்டும் இல்லை, அது ஏன் என்று பிறகு சொல்கிறேன். அந்த அடுக்கில் கிறிஸ்துமஸ் அன்று நீங்கள் போட்ட மிஷனெரிகள் பற்றிய சிறப்புப் பக்கத்தைப் படித்தேன். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

பக்கம் நன்றாகத்தான் இருந்தது. 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய சீகன்பால்கு இருந்தார், இடையன்குடி கால்டுவெல் இருந்தார், ஜி.யு.போப் இருந்தார். ஆனால் சீகன்பால்கு ஊருக்குப் போய் 1716-ல் கல்யாணம் செய்து கூட்டிவந்த மரியா டோரதியா பற்றி ஒரு வரி இல்லை. மூன்றே வருஷத்தில், 1719-ல், அந்தப் பெண் இங்கே கணவரைப் பறிகொடுத்தார். கால்டுவெல்லின் மனைவி எலைசா, நாகர்கோவிலில் மிஷனெரியாக இருந்த சார்லஸ் மால்ட்டின் மகள். இடையன்குடியில் பெண்பிள்ளைகளைக் கூட்டி உட்கார வைத்துப் படிக்கச் சொல்லிக் கொடுத்தவர், லேஸ் பின்னக் கற்றுக் கொடுத்தவர். என் அம்மா வழியில் அந்த லேஸ் பின்னிச் சம்பாதித்த பெண்கள் உண்டு. அவர் பெயரும் இல்லை. அது கூடப் பரவாயில்லை, பழைய கதை. பக்கத்தின் கீழே, இன்றைக்கு வெளிநாட்டில் ஊழியம் செய்கிற ஒரு தமிழர் குடும்பத்தின் படம் போட்டிருந்தீர்கள். அவர் கையில் வேதாகமம், பக்கத்தில் மனைவி, இடுப்பில் குழந்தை. படத்துக்குக் கீழே அவர் பெயர், அப்புறம் "மற்றும் குடும்பத்தினர்" என்று இருந்தது.

அந்த இரண்டு வார்த்தையை எனக்கு நன்றாகத் தெரியும். ஊழியத்துக்குப் போனவர்களுக்காக ஜெபிக்கச் சொல்லி அச்சடித்துக் கொடுக்கிற ஜெப அட்டை ஒன்று எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது, அதிலும் அதேதான். அதில் என் மருமகன் பெயர் பெரிய எழுத்தில் இருக்கும், என் மகளும் பேரனும் அந்த இரண்டு வார்த்தைக்குள் இருப்பார்கள்.

என் மகள் பி.எஸ்ஸி. நர்சிங் படித்தவள். சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டில் ஆறு வருஷம் வேலை பார்த்தாள். கல்யாணமாகி இரண்டாவது வருஷம் வேலையை விட்டுவிட்டு மருமகனோடு மலாவிக்குப் போனாள். ஆப்பிரிக்காவில் கிழக்குப் பக்கம், ஒரு பெரிய ஏரியை ஒட்டி நீளவாக்கில் கிடக்கிற சின்ன நாடு. அங்கே பிளான்டயர் நகரத்திலிருந்து சுமார் 65 கிலோமீட்டரில் ஜோம்பா என்று ஒரு ஊர், மலையடிவாரம். மருமகன் கிராமத்துச் சபைகளில் இருக்கிற போதகர்களுக்கு வேதபாடம் நடத்துகிறார், வாரத்தில் மூன்று நாலு நாள் வெளியில்தான். பேரன் பிறந்தது இங்கே நம் வீட்டில்தான், தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். அஞ்சாவது மாதம் தூக்கிக்கொண்டு போனாள். நான் மறுபடி அவனைப் பார்த்தது அந்த நவம்பரில், ஒன்றே முக்கால் வயசில். பிளான்டயர் விமான நிலையத்தில் அவன் என்னைப் பார்த்துவிட்டு அம்மாவின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். தினமும் போனில் பார்க்கிற ஆச்சிதான், ஆனால் போனில் இருக்கிற ஆச்சிக்குக் கையும் உடம்பும் கிடையாதே.

முதல் வாரம் நான் விருந்தாளி மாதிரி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். என் மகள் காலையில் நாலரைக்கு எழுந்திருக்கிறாள். குழாயில் தண்ணீர் வருகிற நேரம் அது, வராத நாளும் உண்டு. பிடித்து, வடிகட்டி, கொதிக்க வைத்து, ஆற வைத்து மூடி வைக்க வேண்டும், குழந்தை குடிக்க, அவன் பாத்திரம் அலச, அவன் பல் தேய்க்கக் கூட அந்தத் தண்ணீர்தான். கரண்ட் எப்போது போகும் எப்போது வரும் என்று சொல்ல முடியாது என்பதால் கரி அடுப்பு எப்போதும் தயாராக இருக்கும், ஒன்றே முக்கால் வயசுப் பையன் ஓடுகிற வீட்டில் கரி அடுப்பு என்றால் அதற்கு ஒரு ஆள் காவல் வேண்டும், அந்த ஆளும் அவள்தான்.

அப்புறம் துணி. இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். நான் போகும்போது என் வீட்டுக்காரரின் பழைய வேட்டிகள் ஆறை எடுத்துக் கிழித்து, ஓரம் அடித்து, பேரனுக்குத் துணியாகக் கொண்டு போனேன். பழகிய வேட்டித் துணி மாதிரி மெத்தென்று குழந்தைக்கு வேறு எது இருக்கிறது. துவைத்துக் கொடியில் போட்டேன். சாயங்காலம் எடுத்து மடிக்கப் போனபோது மகள் ஓடி வந்து கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். அந்த ஊரில் புட்சி ஈ என்று ஒன்று இருக்கிறதாம். மழைக்காலத்தில் ஈரத்துணியில் முட்டை வைத்துவிட்டுப் போகும், கண்ணுக்குத் தெரியாது, அந்தத் துணியை உடம்பில் போட்டால் புழு தோலுக்குள் போய்க் கட்டி மாதிரி வீங்கும். அதனால் வெளியில் காய்கிற ஒவ்வொரு துணியையும், குழந்தையின் ஜட்டி முதல் தலையணை உறை வரை, இரண்டு பக்கமும் சூடாக இஸ்திரி போட வேண்டும். தையல் மடிப்பு, இலாஸ்டிக் ஓரம் எதையும் விடக்கூடாது. ராத்திரி ஒன்பதரைக்கு மேல், பேரன் தூங்கின பிறகு, கரண்ட் இருந்தால் மின்சார இஸ்திரிப் பெட்டி, இல்லாவிட்டால் கரிப்பெட்டி. நம் தெருமுனை இஸ்திரி வண்டியில் இருக்கிற அதே மாதிரி பெட்டிதான். நெற்றியில் டார்ச் கட்டிக்கொண்டு அவள் நின்று தேய்ப்பாள், நான் மடித்துப் போடுவேன். ஒரு நாள் எண்ணினேன், சின்னதும் பெரிசுமாக 41 துணி. அவளுடைய அப்பாவின் வேட்டித் துண்டு ஒவ்வொன்றையும் தேய்த்துவிட்டு ஒரு தரம் உள்ளங்கையால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் கீழே வைப்பாள், சூடு எல்லா இடத்திலும் ஏறியிருக்கிறதா என்று பார்க்கத்தான். வேறு எதற்கோ என்று எனக்குத் தோன்றும், நான் கேட்டதில்லை.

நான் அங்கே இறங்குவதற்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் ஒரு டாலருக்குக் கொடுக்க வேண்டிய அந்த நாட்டுப் பணத்தை ஒரே அடியாக 44 சதவீதம் ஏற்றியிருந்தார்கள். சர்க்கரை, எண்ணெய், சோப்பு விலையெல்லாம் ஒரு வாரத்துக்குள் எங்கேயோ போய்விட்டது. என் மகள் ஒரு நோட்டில் கணக்கு எழுதி, எதை விடலாம் என்று கோடு போட்டுக்கொண்டிருந்தாள், முதலில் கோடு விழுந்தது அவளுடைய காபித்தூள் மேல். பெட்ரோலுக்கு வரிசை. சில நாள் மருமகன் ராத்திரியே போய் வண்டியை வரிசையில் நிறுத்திவிட்டு அதிலேயே தூங்குவார். அவர் மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது, அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். வீட்டில் இருக்கிற நாளில் துணி துவைப்பார், பிள்ளையைக் குளிப்பாட்டுவார், மாமியார் இருக்கிறாளே என்று கூச்சப்படாமல் வெங்காயம் உரிப்பார்.

கஷ்டம் மட்டும்தான் என்று நினைத்துவிடாதீர்கள். வீட்டுக்குப் பின்னால் பக்கத்து வீட்டு அம்மா துவரை போட்டிருந்தார், நண்டோலோ என்கிறார்கள். நம் நாடே அங்கிருந்து துவரை வாங்குகிறது, வருஷத்துக்கு 50,000 டன் வரை வாங்கிக்கொள்வதாக 2021-ல் ஒப்பந்தம் போட்டார்கள். பெரம்பூரில் நான் வைக்கிற சாம்பாரில் அந்த மண்ணின் பருப்பு எத்தனை தரம் வெந்ததோ. பச்சைத் துவரையை உரித்து வேகவைத்து, மக்காச்சோள மாவில் களி மாதிரி கிண்டுகிற ன்சிமாவோடு பேரன் கையால் பிசைந்து சாப்பிடுகிறான். ரசம் சாதமும் சாப்பிடுகிறான். மாம்பழம் அங்கே டிசம்பரில்தான், நமக்குச் சித்திரை வெயிலில் வருவது அங்கே மார்கழியில், முகம் முழுக்கச் சாறு வழிய உட்கார்ந்திருப்பான். தண்ணீர் வேண்டுமென்றால் சில நேரம் "தண்ணி", சில நேரம் "மாட்ஸி". என்னை ஆச்சி என்று கூப்பிட வைக்க நான் பட்ட பாடு கொஞ்சமில்லை, அவன் "அகோகோ" என்றான். அவர்கள் சிச்சேவா பாஷையில் தாத்தா பாட்டிக்கு அதுதான் வார்த்தை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் அவர்கள் பாட்டியைக் கூப்பிடுவதைக் கேட்டு, இது பாட்டி என்று அவனாகவே கண்டுபிடித்துச் சொன்னது. அதற்கு மேல் நான் ஆச்சி என்று திருத்தவில்லை.

என் மகளை அங்கே யாரும் பாஸ்டரின் மனைவி என்று கூப்பிடுவதில்லை. பேரனின் பெயரைச் சொல்லி, அவனுடைய அம்மா என்பார்கள். முதல் நாளே கவனித்தேன். காலையில் கதவைத் திறந்தால் வாசலில் இரண்டு பேராவது நிற்பார்கள், முதுகில் சிட்டென்ஜே துணியில் குழந்தையைக் கட்டிக்கொண்டு. காய்ச்சல், வயிற்றுப்போக்கு, பால் குடிக்க மாட்டேன் என்கிறது. இவள் மருந்து கொடுப்பதில்லை, அங்கே வேலை பார்க்க அவளுக்கு அனுமதிச் சீட்டு கிடையாது. ஆனால் பார்த்துவிட்டு, இது இன்றைக்கே சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டிய காய்ச்சல், இது உப்புச் சர்க்கரைத் தண்ணீரில் அடங்கும் என்று சொல்வாள். சில சமயம் பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு கூடவே நடந்து போய்விட்டு வருவாள், ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம். மலேரியா அங்கே அப்படி. உலகத்திலேயே முதன்முதலாக மலேரியா தடுப்பூசியைத் தன் நாட்டுக் குழந்தைகளுக்குப் போட ஆரம்பித்தது மலாவிதான், 2019 ஏப்ரலில். அதைப் பக்கத்து வீட்டு அம்மா என்னிடம் அவ்வளவு பெருமையாகச் சொன்னார்.

டிசம்பர் 4-ம் தேதியை நான் மறக்க மாட்டேன். இங்கே மிக்ஜாம் புயல். எங்கள் தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர், வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது, அந்த வாரத்துப் பேப்பர் அதில்தான் போனது. என் வீட்டுக்காரர் தனியாக இருந்தார். காலையில் ஒரு தரம் பேசினார், அப்புறம் போன் கிடைக்கவில்லை, கரண்டும் இல்லை சிக்னலும் இல்லை. இரண்டு நாள். எத்தனையோ வருஷமாக நான் இங்கே உட்கார்ந்து அவர்கள் என்ன ஆனார்களோ என்று பதறிக்கொண்டிருந்தேன், அந்த இரண்டு நாள் அங்கே உட்கார்ந்து இந்தப் பக்கம் பார்த்துப் பதறினேன். மகள் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் அப்பா நம்பரை அழுத்துவாள், பேரன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தானும் அழுவான். பக்கத்து வீட்டு அம்மா வந்தார், "பெப்பானி, பெப்பானி" என்றார். வருத்தப்படுகிறேன் என்று அர்த்தம். வேறு ஒன்றும் சொல்லவில்லை. பேரனை வாங்கி முதுகில் கட்டிக்கொண்டு, அடுப்பை ஊதி, எங்களுக்குச் சமைத்தார். அவருக்குத் தெரியும். 2023 மார்ச்சில் ஃப்ரெடி புயல் அந்தப் பக்கத்தைச் சிதைத்தபோது பிளான்டயரில் மலைச்சரிவு இடிந்து வீடுகள் மேலே விழுந்தது, அவருடைய தங்கை வீடும் அதில் போனது. மூன்றாம் நாள் என் வீட்டுக்காரர் மாடி வீட்டுக்காரர்கள் போனிலிருந்து பேசினார், இரண்டு நாளும் அவர்கள் வீட்டில்தான் சாப்பாடு, படுக்கை. அந்தச் செய்தியை மகள் சொன்னதும் அந்த அம்மா கைதட்டிப் பாடினார்.

அந்த ஃப்ரெடி புயலின்போது நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். பேரனுக்கு அப்போது ஒரு வயசு. ஐந்தாறு நாள் கரண்ட் இல்லை, தண்ணீர் இல்லை, சாலை இல்லை. போன் உயிர் பெற்றதும் முதலில் வந்தது அவர்களை அனுப்பி வைத்த இடத்திலிருந்து ஒரு செய்தி. பணித்தளத்தில் கட்டடங்களுக்குச் சேதமா, கூட்டங்கள் தடைப்பட்டனவா, படங்கள் இருந்தால் அனுப்பவும் என்று. மகள் அதை எனக்கு அனுப்பவில்லை, இப்போது அங்கே போனபோது பழைய செய்திகளைத் தேடும்போது நானாகப் பார்த்தேன். அந்த இடத்தின் பெயரை எழுதப் போவதில்லை, அங்கே இருப்பவர்கள் கெட்டவர்களும் இல்லை. ஆனால் குழந்தை என்ன சாப்பிடுகிறான் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

சரி, கிறிஸ்துமஸுக்கு வருகிறேன். பெரம்பூரில் டிசம்பர் என்றால் எப்படியிருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வீட்டுக்கு வீடு நட்சத்திரம், ராத்திரி ஒரு மணிக்குக் கேரல் ரவுண்ட்ஸ் வந்து கதவைத் தட்டும், எண்ணெய்ச் சட்டி ஒரு வாரம் இறங்காது. மகள் போனில் பல தரம் சொல்லியிருக்கிறாள், அம்மா, மற்ற மாதமெல்லாம் ஓடிவிடும், டிசம்பர்தான் முடியவில்லை என்று. அதனால் நான் பெட்டியில் அச்சுமுறுக்கு அச்சு இரண்டு எடுத்துப் போயிருந்தேன், என் மாமியார் கொடுத்த பழைய அச்சு, நன்றாக எண்ணெய் குடித்தது, மாவு ஒட்டாது. 22-ம் தேதி இரண்டு பேரும் சுட்டோம். கரி அடுப்பில் சூடு நிதானத்துக்கு வரவே அரை மணி ஆனது. பேரன் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று ஒவ்வொன்று விழும்போதும் கத்தினான். இங்கே செய்கிற மாதிரியே தட்டில் வைத்துத் துணி மூடி நாலு வீட்டுக்குக் கொடுத்தோம், இரண்டு வீட்டிலிருந்து தட்டு நிறைய மாம்பழம் திரும்பி வந்தது. தட்டு வெறுமனே திரும்பக்கூடாது என்பது அங்கேயும் அப்படித்தான் போலிருக்கிறது.

மருமகன் 23-ம் தேதி காலையிலேயே கிராமத்துக்குப் போனார், 24 சாயங்காலம் வந்துவிடுவதாக ஏற்பாடு. மழை பிடித்துக்கொண்டது. ஆற்றில் வெள்ளம், வண்டி தாண்ட முடியாது, காலையில் வருகிறேன் என்று செய்தி வந்தது. ராத்திரி எட்டு மணிக்குப் பேரனுக்கு உடம்பு சுட ஆரம்பித்தது. ஒன்பதரைக்கு 103. கரண்ட் இல்லை. வெளியில் எங்கேயோ கூட்டமாகப் பாடிக்கொண்டு போகிறார்கள், நம் கேரல் மாதிரியே, இருட்டில் அவர்கள் குரல் மட்டும் கேட்கிறது.

மகள் அலமாரியிலிருந்து மலேரியா பார்க்கிற கிட்டை எடுத்தாள். என்னிடம் டார்ச்சைக் கொடுத்துப் பிடிக்கச் சொன்னாள். பேரனின் மோதிர விரலைத் துடைத்துக் குத்தினாள், ஒரு சொட்டு, அவன் அழவே இல்லை, அம்மா முகத்தையே பார்த்தான். அந்தச் சின்னப் பட்டையில் ரத்தத்தை விட்டு, மேலே மருந்துச் சொட்டு விட்டு, கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும். ஒரு கோடு வந்தால் இல்லை, இரண்டு கோடு வந்தால் இருக்கிறது. ஆஸ்பத்திரி வார்டில் இதைப் போல எத்தனையோ பிள்ளைகளுக்குப் பார்த்தவள், அன்றைக்கு டார்ச் வெளிச்சத்தில் அவள் உதடு நடுங்குவதைப் பார்த்தேன். என் கையும் நடுங்கியது, வெளிச்சம் ஆடுகிறது என்று என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். ஒரு கோடுதான் வந்தது. பத்து நிமிஷம் கழித்தும் ஒரு கோடுதான். ஈரத்துணியால் துடைத்துத் துடைத்து, காய்ச்சல் மருந்து கொடுத்து, விடியற்காலை நாலு மணிக்கு உடம்பு குளிர்ந்தது. பெரம்பூரில் அந்த நேரத்துக்கு ஆராதனை முடிந்து என் வீட்டுக்காரர் கேக் வெட்டிக்கொண்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் பக்கத்து வீட்டு அம்மா அவனை முதுகில் கட்டிக்கொள்ள, நாங்கள் கோவிலுக்குப் போனோம், போகாமல் இருக்கலாம் என்று நான்தான் சொன்னேன், மகள் கேட்கவில்லை. மூன்று மணி நேரம் பாட்டு. மத்தியானம் அங்கே எல்லா வீட்டிலும் சோறும் கோழிக் குழம்பும், மற்ற நாளில் ன்சிமா, சோறு என்பது பண்டிகைச் சாப்பாடு. என் ஆச்சி சொல்வார்கள், அவர்கள் காலத்தில் நம் தெற்கத்தி நாசரேத் பக்கமும் நெல்லுச்சோறு பண்டிகைக்குத்தான் என்று. மூன்று மணிக்கு மருமகன் இடுப்பு வரை சேற்றோடு வந்து சேர்ந்தார். பிள்ளையைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அழுதார்.

31-ம் தேதி மாத அறிக்கை அனுப்ப வேண்டும். அதற்கு ஒரு படிவம் இருக்கிறது. சென்ற கிராமங்கள், நடத்திய கூட்டங்கள், சந்தித்த குடும்பங்கள், ஞானஸ்நானம் எடுத்தவர்கள், எதிர்வரும் திட்டம். டைப் அடிப்பது என் மகள்தான், மருமகனுக்கு நேரம் இருப்பதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். கிறிஸ்துமஸ் கூட்டங்கள் மூன்று கிராமங்களில் கர்த்தருடைய கிருபையால் சிறப்பாக நடந்தன என்று அடித்தாள். வாசலில் வந்து நிற்கிற தாய்மாரை எந்தக் கட்டத்தில் எழுதுவாய் என்று கேட்டேன். அதற்குக் கட்டம் இல்லைம்மா என்றாள். 24 ராத்திரியை எழுதவில்லையா என்றேன். அது ஊழியம் இல்லைம்மா, நம்ம வீட்டு விஷயம் என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

அது ஊழியம் இல்லையென்றால் எது ஊழியம் என்று நான் கேட்கிறேன். அவள் தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் விட்டால், அந்த 41 துணியைத் தேய்க்காமல் விட்டால், ஒரே மாதத்தில் மூட்டை கட்டிக்கொண்டு திரும்பி வர வேண்டியதுதான், மூன்று கிராமத்திலும் ஒரு கூட்டமும் நடக்காது. அந்த ஊர்க்காரர்கள் மருமகனை நம்பி வீட்டுக்குள் விடுவதே இந்தப் பெண் தங்கள் பிள்ளையைத் தொட்டுப் பார்த்தாள் என்பதால்தான், அதை அந்த ஊர்ப் போதகர் ஒருவரே என்னிடம் சொன்னார். ஆனால் உதவித்தொகை வருவது அவர் பெயரில், கடிதம் வருவது அவர் பெயருக்கு. விடுமுறையில் வந்தால் மிஷனெரி ஞாயிறன்று மேடையில் அவர் பேசுவார், இவள் குழந்தையோடு நின்று ஒரு பாட்டுப் பாடுவாள். போன தடவை அப்படி நிறுத்தியபோது மைக்கைப் பார்த்துப் பிள்ளை அலறியதும், வெளியில் கொண்டு போங்கள் என்று ஒருவர் சைகை காட்டினார், சாட்சி முழுவதும் முடியும் வரை இவள் மரத்தடியில் நின்றாள்.

எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் இது எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1903-ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் ஆரம்பித்தபோது வெள்ளைக்காரப் பணத்தை நம்பி ஆரம்பிக்கவில்லை. நம் ஆட்களை நம் காசில் அனுப்புவது என்று ஆரம்பித்தார்கள். என் ஆச்சி வீட்டு அடுக்களையில் ஒரு சின்னப் பானை இருக்கும். உலை வைக்கிற ஒவ்வொரு வேளையும் அரிசியில் ஒரு கைப்பிடி எடுத்து அதில் போட்ட பிறகுதான் மிச்சத்தைக் களைவார்கள். கைப்பிடி அரிசிக் காணிக்கை. ஞாயிற்றுக்கிழமை கோவிலில் கொண்டு கொட்டுவார்கள். எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள், அடுப்படியை விட்டு வெளியே போகாதவர்கள், அந்தப் பிடி அரிசியில் தெலுங்கு நாட்டுக்கு ஆள் அனுப்பினார்கள். அடுப்படியிலிருந்து கொடுத்தது ஊழியமாக எண்ணப்பட்ட சபையில், அடுப்படியில் நிற்கிறவள் எண்ணப்படாமல் போனது எப்படி என்று எனக்குப் புரியவில்லை.

பிளான்டயர் என்ற பெயரே டேவிட் லிவிங்ஸ்டன் பிறந்த ஸ்காட்லாந்து ஊரின் பெயர். அவரைப் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்திருப்போம். அவர் மனைவி மேரி, பிள்ளைகளையும் வயிற்றுப் பிள்ளையையும் வைத்துக்கொண்டு அவரோடு கலஹாரி பாலைவனம் தாண்டியவர். 1850-ல் பிறந்த பெண் குழந்தை ஆறு வாரத்தில் இறந்தது. 1862-ல் ஜாம்பெசி ஆற்றங்கரையில் ஷுபாங்கா என்ற இடத்தில் மலேரியாவில் மேரியும் இறந்தார், கல்லறை அங்கேதான் இருக்கிறது. இது எனக்கு அங்கே போகும் வரை தெரியாது, மகள்தான் சொன்னாள், அவளுக்கு மேரியை ரொம்பப் பிடிக்கும். நம் ஊரிலேயே பாருங்கள், கொடைக்கானலுக்கு நாம் சும்மா சுற்றிப் பார்க்கப் போகிறோம். 1845-ல் அங்கே முதல் இரண்டு வீட்டைக் கட்டியது மதுரையில் இருந்த அமெரிக்க மிஷன்காரர்கள். சமவெளியில் காய்ச்சலுக்கும் காலராவுக்கும் ஆட்களைப் பறிகொடுத்து, மிச்சமிருக்கிறவர்களையாவது காப்பாற்ற மலை ஏறினார்கள். 1901-ல் ஆரம்பித்த பள்ளிக்கூடமும் மிஷனெரிப் பிள்ளைகளுக்காகத்தான்.

நான் இதை எழுதப் போகிறேன் என்று மகளிடம் சொன்னேன். எதற்கும்மா, நாங்கள் விரும்பி வந்ததுதானே என்றாள். விரும்பித்தான் போனாள், எனக்குத் தெரியும், இன்றைக்குக் கூப்பிட்டாலும் திரும்பி வர மாட்டாள். நான் அவளுக்காகப் பரிதாபம் கேட்கவில்லை. பெயர் போடாமல் எழுதிக்கொள் என்று கடைசியில் சம்மதித்தாள்.

சபைகளில் பொறுப்பில் இருப்பவர்கள் உங்கள் பேப்பரைப் படிக்கிறார்கள், அவர்களிடம் கேட்கிறேன். அந்தப் படிவத்தில் அவளுக்கும் ஒரு கட்டம் போடுங்கள். உதவித்தொகையை இரண்டு பெயரிலும் அனுப்புங்கள். விடுமுறையில் வந்தால் முதல் மாதம் மேடையில் ஏற்றாதீர்கள், அவள் அம்மா வீட்டில் தூங்கட்டும். பார்சல் அனுப்ப நினைக்கிறவர்கள் டிசம்பருக்கு அக்டோபரிலேயே அனுப்பிவிடுங்கள். நான் கவுன்ட்டரில் இருந்தவள், சொல்கிறேன், அங்கே வீட்டுக்கு வந்து கொடுக்கிற தபால்காரர் கிடையாது, தபால் பெட்டி எண்ணுக்குத்தான் போகும், சுங்கச் சீட்டில் உள்ளே இருப்பதை ஒவ்வொன்றாக எழுத வேண்டும், "பரிசுப் பொருள்" என்று மொத்தமாக எழுதினால் அங்கே கிடந்துவிடும். பெரிதாக ஒன்றும் வேண்டாம். காபித்தூள், ரசப்பொடி, பழைய வேட்டித் துணி. பெறுநர் இடத்தில் அவள் பெயரை எழுதுங்கள்.

உங்களிடமும் ஒன்று. அடுத்த கிறிஸ்துமஸ் பக்கத்துக்கு இந்த மாதிரிக் குடும்பம் யாரையாவது பற்றிப் போடுவதாக இருந்தால், அந்த வீட்டுப் பெண்ணிடம் பேசி எழுதுங்கள், படத்துக்குக் கீழே அவள் பெயரையும் குழந்தையின் பெயரையும் போடுங்கள். என் மகளிடம் கேட்க விரும்பினால் நம்பர் தருகிறேன், அவளிடம் கேட்டுவிட்டேன். அங்கே நமக்கு மூன்றரை மணி நேரம் பின்னால். பேரன் மத்தியானம் இரண்டு மணிக்குத் தூங்குவான், நமக்கு அது சாயங்காலம் ஐந்தரை, அந்த ஒரு மணி நேரம்தான் அவளுக்குக் கை ஓய்வாக இருக்கும். லைன் கிடைக்கவில்லையென்றால் அங்கே கரண்ட் இல்லை என்று அர்த்தம், மறுநாள் அதே நேரத்துக்குக் கூப்பிடுங்கள்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளும் வாசகி,
பெரம்பூர், சென்னை - 600 011.